பாத்ரூம் நாற்றம்... பினாயில் ஊற்றியும் போகவில்லையா?

கேள்வி: "ஐயா, வேப்பூர் பக்கத்தில் எங்கள் கிராமம். மூன்று வருடம் முன்பு வீடு கட்டினோம். உள்ளேயே இரண்டு பாத்ரூம். ஒன்று நாங்கள் புழங்குவது, இன்னொன்று சென்னையில் இருக்கும் மகள் குடும்பம் வந்தால் புழங்குவது. மகள் பாத்ரூமைத் திறந்தாலே அழுகிய முட்டை வாடை. எங்கள் பாத்ரூமில் காலையில் மட்டும் நாற்றம். பினாயில், ஆசிட், ஊதுபத்தி எல்லாம் பார்த்தாகிவிட்டது. செப்டிக் டேங்க் நிறைந்திருக்கும் என்கிறார்கள். எங்கள் வயலில் வேலை செய்பவர், 'மூடியைத் திறந்து விடுங்கள் அம்மா, நானே இறங்கி அள்ளிவிடுகிறேன்' என்கிறார். பொங்கலுக்கு முன் செய்துவிடலாமா? மக்காச்சோளத்துக்கும் வாழைக்கும் பதில் சொல்லும் நீங்கள் இதற்கும் சொல்ல வேண்டும்."

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அந்த ஆளை இறக்காதீர்கள் அம்மா. பொங்கலுக்கு முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம். காரணத்தைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். இந்த இதழ் கைக்கு வந்ததும் அவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

நாற்றத்துக்கு வருவோம். பயிரில் இலை மஞ்சளாகிவிட்டது என்று யாராவது வந்தால் நாங்கள் உடனே மருந்து எழுதித் தருவதில்லை. அடி இலை மஞ்சளா, குருத்து மஞ்சளா என்று கேட்போம். அடியில் இருக்கும் முதிர்ந்த இலை முதலில் வெளுத்தால் தழைச்சத்துப் பற்றாக்குறையை நினைப்போம். இளங்குருத்து வெளுத்தால் இரும்புச்சத்தை நினைப்போம். நிறம் ஒன்றுதான், எங்கே தொடங்கியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாத்ரூம் நாற்றமும் அப்படித்தான். எங்கே வருகிறது, எப்போது வருகிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. பினாயில் ஊற்றுவது மஞ்சள் இலைக்குப் பச்சைச் சாயம் அடிப்பதுபோல. நீங்களே இரண்டு பாத்ரூமுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று பூட்டியே கிடப்பது, ஒன்று காலையில் மட்டும் நாறுவது. இரண்டும் இரண்டு நோய்.

பூட்டிக் கிடக்கும் பாத்ரூம்

பாத்ரூம் தரையில் ஜாலி போட்ட ஓட்டை இருக்கிறதே, அதற்கடியில் கிண்ணம்போல ஒரு வளைவு உண்டு. பிளம்பர்கள் நாணி ட்ராப் என்றும் ஃப்ளோர் ட்ராப் என்றும் சொல்வார்கள். வாஷ்பேசினுக்குக் கீழே குழாய் பாம்புபோல வளைந்து போவதும், கழிப்பறைக் கோப்பைக்குள் எப்போதும் தண்ணீர் நிற்பதும் அதே ஏற்பாடுதான். வளைவில் நிற்கும் தண்ணீர்தான் கதவு. அந்தப் பக்கம் இருக்கும் சாக்கடைக் காற்று அதைத் தாண்டி வீட்டுக்குள் வராது. 1775-இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரம் செய்பவர் இந்த வளைவு வைத்த கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். இருநூற்றைம்பது வருடமாக இதைவிட மலிவான கதவை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

தண்ணீர்க் கதவில் ஒரு குறை உண்டு. அது காய்ந்துவிடும். வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் சுமார் 2 அங்குல உயரம். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் பூட்டிய அறையில் அது சில வாரங்களிலேயே வற்றிப்போகும். அதன் பிறகு உங்கள் மகள் அறைக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. நீங்கள் ஊற்றிய பினாயிலின் ஈரம் ஓரிரண்டு நாள் கதவாக இருந்திருக்கும், "கொஞ்சம் குறைந்தது" என்று நினைத்திருப்பீர்கள்.

இதற்கு வைத்தியம், வாரம் ஒரு முறை அந்த ஜாலியில் ஒரு சொம்புத் தண்ணீர். வாஷ்பேசினில் ஒரு சொம்பு, கோப்பையில் ஒரு சொம்பு. இரண்டு மாதம் திறக்கப் போவதில்லை என்றால் தண்ணீர் ஊற்றிய பின் மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மிதந்து தண்ணீர் ஆவியாகாமல் காக்கும். காசு கொடுத்து வாங்கும் எந்தத் திரவமும் இதைவிட நன்றாக வேலை செய்யாது. பினாயில் கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இது வெறும் வாடை சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2003-இல் ஹாங்காங்கில் அமாய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் 300 பேருக்கு மேல் பரவியது. 42 பேர் இறந்தார்கள். ஆய்ந்து பார்த்தபோது பல வீடுகளில் பாத்ரூம் தரை ட்ராப் காய்ந்து கிடந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் ஈரத்துணியால் துடைத்தே பழகியவர்கள் அவர்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் அது காய்ந்த ட்ராப் வழியாகச் சாக்கடைக் காற்றை உள்ளே இழுத்தது. ஃபேன் போட்டால் நாற்றம் அதிகமாகிறது என்று யாராவது சொன்னால் ட்ராப் காய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

காலையில் மட்டும் வரும் நாற்றம்

உங்கள் பாத்ரூம் தினமும் புழங்குவது, காய வாய்ப்பில்லை. காலையில் எல்லோரும் வரிசையாகப் போகும்போது நாறுகிறது என்றால் ஒரு சோதனை செய்யுங்கள். ஜாலியைத் தூக்கிவிட்டு ட்ராப்பில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைப் பாருங்கள். பிறகு கழிப்பறையில் ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றச் சொல்லுங்கள். ட்ராப்பில் 'குளுக் குளுக்' என்று சத்தம் வந்து தண்ணீர் மட்டம் கீழே இறங்கினால் விஷயம் பிடிபட்டது.

தொட்டியிலிருந்து ஹோஸ் போட்டு உறிஞ்சி விட்டால் தண்ணீர் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும், நாம் தினமும் வயலில் பார்ப்பதுதான். வாளித் தண்ணீர் குழாயை நிறைத்துக்கொண்டு ஓடும்போது பின்னால் காற்று இல்லாத வெற்றிடம் உண்டாகிறது. அதை நிரப்ப எங்கிருந்தாவது காற்று வர வேண்டும். வேறு வழி இல்லாவிட்டால் உங்கள் ட்ராப் தண்ணீரையே இழுத்துக்கொண்டு அந்த வழியாக வரும். பிறகு யாராவது குளித்து ட்ராப் மறுபடி நிறையும்வரை நாற்றம்.

குழாய்க்கு மூச்சுவிட ஒரு வழி வேண்டும். அதுதான் வென்ட் பைப். கழிவுக் குழாயிலிருந்து மேலே மாடிவரை ஒன்று, செப்டிக் டேங்கிலிருந்து ஒன்று. நம் பக்கத்தில் புது வீடுகளைப் பார்த்தால் கொத்தனார் நிறைய இடத்தில் இதை விட்டுவிடுகிறார், அல்லது டேங்க் பைப்பை இடுப்பு உயரத்தில் வெட்டி ஜன்னலுக்கு நேராக நிறுத்திவிடுகிறார். கேட்டால், "பார்வைக்கு அசிங்கமாக இருக்குமே சார்" என்பார். வீட்டுக்கு ஒட்டிய டேங்க் என்றால் பைப் மொட்டைமாடியைத் தாண்டி இன்னும் ஆறடி மேலே போக வேண்டும். 2 அங்குலத்துக்குக் குறைந்த பைப் வேண்டாம். மேல் வாயில் கொசு வலை கட்டுங்கள். யானைக்கால் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவுக்கு செப்டிக் டேங்க் ஒரு தொட்டில். வலை இல்லாத பைப் அதற்கு வாசல். வருடம் ஒரு முறை ஏறிப் பாருங்கள். குளவி கூடு கட்டி அடைத்திருப்பதையும், பழைய பைப்பில் வலைமேல் அழுக்கு படிந்து மூடியிருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். அடைத்த வென்ட் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

சத்தமும் இல்லை, மட்டமும் இறங்கவில்லை, ஆனாலும் வாடை வருகிறதா? ஜாலிக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். தலைமுடி, சோப்புப் பிசுக்கு, சீயக்காய்த் தூள் எல்லாம் சேர்ந்து கறுப்பாக வழவழவென்று ஒரு பாசி படிந்திருக்கும். அதில் வாழும் நுண்ணுயிர்தான் நாறுகிறது. கையுறை போட்டு அள்ளி எடுத்துவிட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு கைப்பிடி சலவை சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிவிசி குழாய் தளர்ந்துவிடும். மாதம் ஒரு முறை போதும்.

ஆசிட் பற்றி ஒரு வார்த்தை. கடையில் மஞ்சளாக விற்கும் ஆசிட் டைல்ஸ் இடுக்குச் சிமெண்டைத் தின்றுவிடும். பிறகு அந்த இடுக்கில் மூத்திரம் இறங்கி நிரந்தரமாக நாறும். டேங்கில் கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிரையும் கொல்லும். இதையெல்லாம்விட முக்கியம், ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது நுரையீரலைப் பொசுக்கிவிடும். ஒன்றைப் போட்டுக் கழுவிவிட்டேன், இன்னொன்றையும் போடுகிறேன் என்றும் செய்யாதீர்கள்.

கழிப்பறைக் கோப்பையைச் சுற்றி மட்டும் வாடை என்றால், கோப்பை குழாயோடு சேரும் இடம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பிளம்பர் வேண்டாம். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தண்ணீரில் கரைத்துக் கோப்பையில் ஊற்றி, அரை மணி கழித்துச் சுற்றியுள்ள இடுக்கிலும், பின்புறச் சுவரின் அடியிலும் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். நீலம் ஏறினால் கசிவு. கோப்பையை எடுத்துப் புது வாஷர் வைத்துத்தான் பூட்ட வேண்டும். மேலோடு வெள்ளைச் சிமெண்ட் பூசினால் கசிவு உள்ளேயே தொடரும்.

பீங்கான் கோப்பையிலேயே வாடை ஊறிவிட்டது என்று சிலர் கோப்பையை மாற்றுகிறார்கள். பக்கத்தில் விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நன்றாக வெந்து மெருகேறிய பீங்கான் தண்ணீரை உறிஞ்சாது. மெருகு பெயராத கோப்பையில் வாடை ஊற இடமில்லை. ஆசிட்டும் கம்பிப் பிரஷ்ஷும் போட்டு மெருகைச் சுரண்டிய கோப்பையில்தான் கறை ஒட்டும்.

இன்னொன்று. நாற்றம் ஓட்டையிலிருந்து வராமல் தண்ணீரிலிருந்தே வரலாம். ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். அங்கேயும் முட்டை வாடை என்றால் போர்வெல்லிலோ மேல்தொட்டியிலோ கோளாறு. தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்டுப் பார்த்துவிட்டு, அதற்கும் போகாவிட்டால் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

டேங்க் நிறைந்துவிட்டதா, அந்த ஆள் இறங்கலாமா?

டேங்க் நிறைந்தால் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். எல்லா ஓட்டையிலும் தண்ணீர் மெதுவாகப் போகும். தாழ்வான இடத்தில் இருக்கும் பாத்ரூமில் முதலில் தேங்கும். டேங்கைச் சுற்றி மண் ஈரமாகி, புல் மட்டும் கரும்பச்சையாக இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் உறிஞ்சுகுழி மண் ஊறி, தண்ணீரை ஏற்க மறுத்தாலும் இதே அறிகுறிதான் வரும். மழை விட்டுப் பத்து நாளில் சரியாகிவிட்டால் டேங்கில் குற்றமில்லை. உங்கள் கடிதத்தில் இதில் எதுவுமே இல்லை. ஆனாலும் 2, 3 வருடத்துக்கு ஒரு முறை கசடு எடுக்க வேண்டியதுதான், உங்களுக்கும் நேரம் வந்துவிட்டது. லாரியைக் கூப்பிடுங்கள், குழாய் போட்டு உறிஞ்சி எடுக்கட்டும்.

ஆள் இறங்கக் கூடாது என்பதற்குக் காரணம், அங்கே இருப்பது நாற்றம் மட்டுமில்லை. கழிவு மட்கும்போது மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகின்றன. அழுகிய முட்டை வாடை கடைசியில் சொன்னதுடையது. அதன் குணம் என்ன தெரியுமா? காற்றில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவை எட்டியதும் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். இறங்கியவர், "நாற்றம் போய்விட்டது, பரவாயில்லை" என்பார். உண்மையில் வாயு கூடியிருக்கும். இன்னும் கூடினால் ஓரிரு மூச்சில் ஆள் சரிந்துவிடுவார். மேலே நிற்பவர் பதறிக் குதிப்பார், அவரும் சரிவார். செய்தித்தாளில் ஒரே தொட்டியில் இருவர், மூவர் என்று படிக்கிறோமே, அது இப்படித்தான். அண்ணன் தம்பி, அப்பா மகன் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். முகத்தில் துண்டு கட்டினாலோ, சாராயம் குடித்துவிட்டு இறங்கினாலோ வாயு விட்டுவிடாது. மூடியை முதல் நாளே திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறு. அடியில் கசடைக் கிளறும்போதுதான் சிறைப்பட்டிருந்த வாயு கிளம்பும்.

திறந்த மூடிக்கருகே பீடி, தீக்குச்சி வேண்டாம், மீத்தேன் பற்றிக்கொள்ளும். யாராவது விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காமல் 112-க்குக் கூப்பிடுங்கள். தீயணைப்பு வீரர்கள் மூச்சுக் கருவியோடு வருவார்கள். சாண எரிவாயுக் கலன், மூடிக் கிடந்த பழைய கிணறு, மக்காச்சோளத் தட்டையைப் பதப்படுத்தும் குழி எல்லாவற்றுக்கும் இதே விதி.

சட்டமும் இருக்கிறது. கையால் மலம் அள்ளும் பணிக்கு ஆள் வைப்பதைத் தடைசெய்யும் 2013-ஆம் வருடச் சட்டத்தில் பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதும் குற்றம். முதல் முறைக்கே 2 வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவரே விரும்பி வந்தார் என்று வீட்டுக்காரர் சொல்வது எடுபடாது. இப்படி இறந்தவர் குடும்பத்துக்கான நிவாரணத்தை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. உங்கள் ஆள் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். உங்களுக்கு நாலு காசு மிச்சமாகட்டும், தனக்கும் ஒரு நாள் கூலி ஆகட்டும் என்று. அவர் வீட்டிலும் பொங்கல் வருகிறது அல்லவா?

லாரிக்காரரைப் பற்றி விவசாயிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எடுத்த கசடை, "உங்கள் வயலிலேயே விட்டுவிடுகிறேன், நல்ல உரம்" என்பார்கள். சம்மதிக்காதீர்கள். பச்சைக் கசடில் உருண்டைப்புழு முட்டையும் கொக்கிப்புழுவும் இருக்கும். அடுத்த வாரம் அதே வயலில் வெறுங்காலோடு களை எடுப்பவர் காலில் கொக்கிப்புழு ஏறும். கசடைச் சுத்திகரிக்கவென்றே நிலையங்கள் உண்டு, செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் ஒன்று நடக்கிறது. லாரியைக் கூப்பிடும்போதே எங்கே கொண்டுபோய் விடுவீர்கள் என்று கேளுங்கள்.

மலம் உரமாகாதா என்றால், ஆகும். காலம் கொடுக்க வேண்டும். தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் மானியத்தில் கட்டிய இரட்டைக்குழிக் கழிப்பறை அதற்காகவே வடிவமைத்தது. ஒரு குழி நிறைந்ததும் அடைத்துவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். அடைத்த குழி ஒன்றரை, இரண்டு வருடம் கிடந்தால் காப்பித்தூள்போல, வாடையில்லாத எரு. 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்காதேவிபள்ளியில் மத்திய குடிநீர், துப்புரவுத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயரே குழியில் இறங்கி அள்ளிக் காட்டினார். நீண்ட காலம் ஓய்ந்து மட்கிய ஆழமற்ற குழி அது. அதைப் பார்த்துச் செப்டிக் டேங்கில் இறங்கலாம் என்று எண்ணக் கூடாது. இந்தக் குழிகளுக்கு வென்ட் பைப் தேவையில்லை, வாயுவை மண்ணே உறிஞ்சிக்கொள்ளும். இங்கே நாற்றம் வருகிறது என்று எழுதுபவர்கள் நடுவில் இருக்கும் பிரிப்புத் தொட்டியைத் திறந்து பாருங்கள். பல வீடுகளில் இரண்டு வாயையும் ஒரே நேரத்தில் திறந்து விட்டிருக்கிறார்கள். இரண்டு குழியும் ஒன்றாக நிறைந்து, எதுவும் மட்க நேரமில்லாமல் போகிறது. குடிநீர்க் கிணற்றுக்கும் குழிக்கும் 30 அடிக்கு மேல் இடைவெளி இருக்கட்டும்.

அம்மா, நீங்கள் செய்ய வேண்டிய வரிசை இதுதான்: இன்றைக்கே மகள் பாத்ரூமில் மூன்று சொம்புத் தண்ணீர். நாளைக் காலையில் உங்கள் பாத்ரூமில் வாளிச் சோதனை. மட்டம் இறங்கினால் வென்ட் பைப் போட பிளம்பரைக் கூப்பிடுங்கள், ஒரு நாள் வேலை. மாடியேறும் வேலையை உங்கள் ஆளிடமே கொடுக்கலாம், கூலியும் கொடுத்தாற்போல் ஆகும்.

கேள்வி: "குளிக்கும் தண்ணீரை வாழைக்கு விடுகிறோம். வாழையடியில் நாறுகிறது. வாழைக்குக் கெடுதலா?" (நல்லூர் ஒன்றிய வாசகர்)

பதில்: வாழைக்குக் கெடுதல் இல்லை, தேங்குவதுதான் கெடுதல். ஒரே மரத்தடியில் தினமும் விழுந்தால் மண் இறுகிச் சோப்புத் தண்ணீர் நின்று புளிக்கும். ஓடையை நாலு மரத்துக்குப் பிரித்து, நாளுக்கு ஒரு மரம் என்று மாற்றி விடுங்கள். தொட்டியில் பிடித்து வைத்து மறுநாள் ஊற்றாதீர்கள், ஒரு நாள் தாண்டினால் நாறும். தண்ணீர் விழும் இடத்தில் கல்வாழை நாலு நட்டு, அடியில் ஜல்லி போட்டால் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். கழிப்பறைக் குழாய் எந்த இடத்திலும் இதில் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.